களிக்குள் வனஸ்பதி

கொதிக்கும் களிக்குள் மூன்றாவது கரண்டி வனஸ்பதியையும் போட்டு, போட்ட தடம் தெரியாமல் கிளறினாள் பொற்கொடி.

கேழ்வரகு லேசில் எதையும் காட்டிக்கொடுக்காது.

இரண்டு மாதமாக இதே வேலை. களிக்கு வனஸ்பதி, கீரைக்கு ரேஷன் பாமாயில்.

அடுப்புக்கு மேலே, பெங்களூர் டாக்டர் எழுதிக்கொடுத்த தாள் சுவரில் ஒட்டியிருந்தது. வனஸ்பதி கூடாது. பாமாயில் கூடாது. பொரித்தது எதுவும் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன் கடலை எண்ணெய், அதற்கு மேல் ஒரு சொட்டு ஆகாது.

அவள் புருஷன் கமலக்கண்ணனின் ஈரல் முழுக்கக் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருந்தது. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். குடிக்காமலேயே ஈரல் கெடுமா என்று சிப்காட்டில் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். தினமும் கேண்டீன் போண்டாவும், ஷிஃப்ட் முடிந்ததும் பரோட்டாவும் தின்றால் குடிக்காதவனுக்கும் வரும் என்றார் டாக்டர். வாயைக் கட்டினால் இரண்டு மாதத்தில் நன்றாகக் குறையும் என்றும் சொன்னார்.

குறையக் கூடாது என்பதுதான் பொற்கொடியின் வேண்டுதல்.

நாளைக்கு மறுபடி ஸ்கேன்.

"என்னடி வாசன அடிக்குது?"

பின்வாசலில் அருணா நின்றிருந்தாள். கமலக்கண்ணனின் அண்ணி. ஞாயிறு தவறாமல் ராயக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, சமையல் கட்டில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறவள். இன்றைக்கு வியாழக்கிழமை. சொல்லாமல் வந்திருந்தாள்.

நேராக வந்து களியில் ஒரு விள்ளல் கிள்ளி, விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். விரல் பளபளத்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டாள். வனஸ்பதி டப்பா வந்தது. முக்கால்வாசி காலி.

அதைப் பொற்கொடியின் காலடியில் வீசினாள்.

"கொல்லப் பாக்கறியாடி, பாவி?"

பொற்கொடி களி கிளறும் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

"எங்கூட்டுக்காரர அறுக்க நான் குடுக்க மாட்டேங்க்கா."

நாளைய ஸ்கேனில் கொழுப்பு குறைந்திருந்தால், கமலக்கண்ணனின் ஈரலில் பாதியை வெட்டி அவன் அண்ணன் வெங்கடசாமிக்கு வைப்பார்கள். குறையாவிட்டால் டாக்டர்கள் கத்தியை எடுக்க மாட்டார்கள்.

குடித்துக் குடித்து ஈரல் சுருங்கி, வயிறு வீங்கிக் கிடந்தார் வெங்கடசாமி. அருணா தன்னுடையதைத் தருவதாக டாக்டர் காலில் விழுந்து பார்த்தாள். அவள் ரத்தம் சேரவில்லை. சேர்ந்தது தம்பியின் ரத்தம் மட்டும்.

கல்யாணமாகி வந்த அன்று பொற்கொடியின் கண்ணெதிரில் தம்பியைச் செருப்பால் அடித்த அண்ணன்தான் அவர். அதே அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, கமலக்கண்ணன் தலையாட்டிவிட்டான். புருஷனிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று அன்றைக்கே பொற்கொடிக்குத் தெரிந்துபோனது. டாக்டர் தாள் எழுதிக்கொடுத்த மறுநாளே கடைக்குப் போய் முதல் வனஸ்பதி டப்பாவை வாங்கி வந்தாள்.

சத்தம் கேட்டுக் கமலக்கண்ணன் உள்ளே வந்தான்.

"பாரு தம்பி, உம் பொண்டாட்டி பண்ணியிருக்கற வேலைய! ரெண்டு மாசமா உனக்கே தெரியாம ஏமாத்தியிருக்கறா."

அவன் தரையில் கிடந்த டப்பாவைப் பார்த்தான். பொற்கொடியால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். சட்டியிலிருந்து தானே ஒரு உருண்டை களியை எடுத்து வைத்துக்கொண்டான்.

"மொத நாளே தெரியும், அண்ணி."

அருணாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். பிறகு களியைப் பிட்டு வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினான்.