கைலியின் பிள்ளை

அலமாரிக் கதவின் உள்பக்கக் கொக்கியில் நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்று தொங்கியது. மேல்தட்டில், கோட்டு போடும்போது கழுத்தில் கட்டும் கறுப்பு போ டை ஒன்று, சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மூஞ்சி துடைக்கிற துணியெல்லாம் என்கிட்ட பேச வரக்கூடாது," என்று அது கைலியை அடிக்கடி விரட்டும்.

ஒரு நாள் ரூபன் கத்தரிக்கோலுடன் வந்து கைலியின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டினான். கைலி அலறிவிட்டது. அவன் அக்கா அந்தத் துண்டை மடித்து, நடுவில் சுருக்கி, ஒரு போ டை தைத்தாள்.

"இப்ப இதுதான்க்கா ஃபேஷன்," என்று அதைக் கட்டிக்கொண்டு நண்பனின் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பினான் ரூபன்.

"கைலியா? கழுத்திலயா?" கறுப்பு டைக்கு மூச்சே நின்றுவிட்டது.

கைலிக்கோ வலி மறந்துபோனது. "நான் தெருமுனைக் கடையைத் தாண்டினதில்ல. என் பிள்ளை மேடை ஏறப் போகுது!"

வரவேற்பு முடிந்து வந்த ரூபன், கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டிவிட்டு, சென்ட் மணக்கும் புது டையைக் கறுப்பு டையின் பக்கத்தில் வைத்தான்.

"கண்ணு, வந்துட்டியா? எல்லாரும் உன்னப் பார்த்தாங்களா?" என்று கைலி ஆவலாகக் கேட்டது.

புது டை திரும்பவே இல்லை. "யாருண்ணே அது?" என்று கறுப்பு டையிடம் கேட்டது.

கறுப்பு டை அதிர்ந்துபோனது. "அடப்பாவி! உன்னைப் பெத்த கைலிடா அது!"

"மெதுவாப் பேசுங்கண்ணே," என்றது புது டை. "கோட்டுக்குக் கேட்டுடப் போகுது."