ஒட்டாத பொடி

“இதுல கஷ்டம்னு ஒண்ணுமே இல்ல” என்று ரோகிணி சொல்லிக்கொண்டிருந்தபோது காசியம்மாள் கடைப் படியேறி வந்தாள்.

அவளுடைய வலது உள்ளங்கை கறுப்பாக இருந்தது.

ரோகிணியின் பேச்சு நின்றது.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹரிப்ரியா அதைக் கவனிக்கவில்லை. அவள் அணுபுரம் டவுன்ஷிப்பில் குடியிருப்பவள். பையனின் பள்ளிக்கூட ப்ராஜெக்டைப் பிரிண்ட் எடுக்கப் புதுப்பட்டினம் கடைத்தெருவுக்கு வந்தவள், லேசர் பிரிண்டரின் கார்ட்ரிட்ஜில் ரோகிணி தானே மைப்பொடி நிரப்பிவிடுகிறாள் என்று கேட்டதும் ஆச்சரியப்பட்டுப் போனாள்.

ரோகிணிக்கும் அதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம். இன்டர்நெட்டில் படித்துக் கற்றுக்கொண்ட வேலை. சூடான கம்பியால் ஒரு துளை. தாளைச் சுருட்டி ஒரு புனல். மூக்குக்குக் கைக்குட்டை. பொடியைக் கொட்டி, துளையை டேப் ஒட்டி மூடி, நன்றாகக் குலுக்கினால் முடிந்தது. புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கியே வெகுநாள் ஆகிறது என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துகூட இருந்தது.

காசியம்மாள் மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள்.

காலையில் ரோகிணி போட்டுக் கொடுத்த படம்.

காசியம்மாளுக்கு வாயலூர். கட்டட வேலைக்குப் போகிறவள். மகன் சின்னராசுவின் படத்தைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்று காலையிலேயே வந்து கடை வாசலில் நின்றிருந்தாள். கொண்டுவந்தது ஓர் ஆயுத பூஜை ஃபோட்டோ. மேஸ்திரியும் ஆட்களும் வரிசையாக நிற்க, பின் வரிசையில் சின்னராசு. விரல் நகம் அளவுக்கு முகம். வேறு படம் இல்லை என்றாள்.

ரோகிணி மனம் வைத்துத்தான் செய்தாள். ஸ்கேன் செய்து, பக்கத்தில் நின்றவனின் தோளை அழித்து, கன்னத்தில் விழுந்திருந்த நிழலைக் குறைத்து, வெகுநேரம் உட்கார்ந்தாள். கடைசியில் தாள் சூடாக வெளியே வந்தபோது சின்னராசு பக்கம் முழுக்க இருந்தான். சிரிக்கப் போகிறவன் மாதிரி.

இப்போது அதில் பாதி முகம் இல்லை. நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் மிச்சம். கன்னத்திலிருந்து மோவாய்வரை சாம்பல் நிறத்தில் ஒரே இழுப்பு.

ஏன் என்று ரோகிணிக்குத் தெரியும்.

வழக்கமாக வாங்கும் பொடி கிடைக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு கடைக்காரர், எல்லா மெஷினுக்கும் போடலாம் என்று வேறொன்றைக் கொடுத்தார். நேற்று அதை நிரப்பி எடுத்த முதல் தாளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தபோதே எழுத்து கையோடு வந்தது. அவளுடைய மெஷின் சூட்டில் அந்தப் பொடி உருகித் தாளில் ஒட்டவில்லை.

பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். யாரும் ஒரு விண்ணப்பத்தைத் தடவிப் பார்க்கப் போவதில்லை.

காலையில் படத்தைக் கொடுக்கும்போதும் அது ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இனி காசியம்மாள் சத்தம் போடுவாள். அதுவும் ஹரிப்ரியாவை வைத்துக்கொண்டு. மெஷினில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். ரோகிணி வாயைத் திறந்தாள்.

காசியம்மாள் முந்திக்கொண்டாள்.

“கோச்சிக்காதமா. பஸ்ல போவசொல்ல கவர்லேந்து எடுத்துட்டேன். எங் கை ஈரமா இருந்துகீது போல. மூஞ்சிய ஒரு தபா தடவுனேன், அவ்ளோதான். நீ எம்மா நேரம் குந்திகினு செஞ்சே, நான் நாஸ்தி பண்ணிட்டேன்.”



ஹரிப்ரியா எட்டிப் பார்த்தாள். “ஈரக் கையோட தொட்டா அப்படித்தாம்மா ஆகும். பார்த்து எடுக்க வேணாமா?”

“தப்புதாம்மா” என்றாள் காசியம்மாள்.

இப்போது சொல்லிவிடவேண்டும். உன் கையில் ஒன்றுமில்லை, பொடிதான் சரியில்லை என்று. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ரோகிணி ஹரிப்ரியாவைப் பார்த்தாள். மறுபடி காசியம்மாளைப் பார்த்தாள்.

“பரவால்லம்மா” என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் காசியம்மாளின் முகம் தெளிந்ததைத்தான் ரோகிணியால் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படம் அதில் அப்படியே இருந்தது. பிரிண்டர் முனகியது. அதே கார்ட்ரிட்ஜ்தான். கடையில் வேறு இல்லை.

சின்னராசு மறுபடியும் முழுதாக வந்தான். ரோகிணி தாளின் ஓரங்களை மட்டும் பிடித்து எடுத்து, புதுக் கவருக்குள் நுழைத்து, வாயை டேப் போட்டு ஒட்டினாள். ஒட்டிய இடத்தின் மேலேயே இன்னொரு டேப்பும் போட்டாள். காசு வேண்டாம் என்றாள். காசியம்மாள் கேட்கவில்லை. கறுப்புக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை வைத்தாள்.

பிறகு கவரை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இந்த வாட்டி தொடமாட்டேம்மா” என்றாள். “நாளைக்குக் கருமாதிக்கு வர்ற சனத்துக்கும் சொல்லிடறேன். யாரும் எம் புள்ள மூஞ்சியத் தொடக் கூடாதுன்னு.”

ரோகிணி சரி என்று தலையாட்டினாள்.