சுவர் அறியாத கை

நஸ்ரின் வீட்டுச் சலவை இயந்திரம் சமையலறைச் சுவருக்குள் இருந்தது. வெளியே கைப்பிடியோ கோடோ தெரியாது. சுவருக்குப் பழக்கமான உள்ளங்கை பட்டால்தான் திறக்கும். ஒருநாள் அவளுடைய அத்தா அதற்குள் சோற்றுப் பானையை வைத்து ஓடவிட்டார். அன்றே அவர் கையைச் சுவரின் நினைவிலிருந்து அவள் நீக்கினாள். சொன்னால் வருத்தப்படுவார் என்று அவரிடம் சொல்லவில்லை.

அதன்பின் காலைகளில் அவர் சுவரைத் தடவியபடி நின்றார். ஐந்து வேளையும் தவறாதவர் தொழுவதையே விட்டுவிட்டார். மருத்துவருக்கு அனுப்பும் வாரக் குறிப்பில், ‘தொழுகையும் மறந்துவிட்டது’ என்று நஸ்ரின் எழுதினாள். சரியாகத்தான் எழுதினோமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவருடைய கட்டிலுக்கடியில் நஸ்ரின் பெருக்கியபோது மூன்று கைலிகள் கிடைத்தன. மூத்திர வாடை அடித்தது. ஆனால் இஸ்திரி போட்டதுபோல் மடித்திருந்தார்.

“என்னத்தா இது? என்கிட்ட குடுத்திருக்கலாம்ல?”

“மகள்கிட்ட குடுக்குற துணியாம்மா அது? கட்டியிருக்கிறதும் சுத்தமில்ல. இதோட எப்படித் தொழுகைக்கு நிக்கிறது?” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்குறேன், சிரிக்காத. அடுப்படியில துணி தொவைக்கிற மிஷின் இருந்துச்சுல்ல?”

“இருக்குத்தா, வாங்க.” அவள் அவரை அழைத்துப்போய், அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். சுவர் திறக்கவில்லை. அந்தக் கையை நீக்கியது தான்தான் என்பதைப் பதற்றத்தில் அவளே மறந்திருந்தாள்.

அவர் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்.

“பரவாயில்லம்மா. எனக்குத்தான் அப்படித் தோணிருக்கு.”