வல்லை வெளியில் இறங்கிய முள்

ஹீற்றரிலிருந்து குளிர்காற்று வரத் தொடங்கியபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

யாழ்ப்பாணத்தில் காருக்குள் ஹீற்றர் போடுகிறவனை விசரன் என்றுதான் சொல்லுவார்கள். எட்டு வருடமாக இந்தப் பழைய காரை ஓட்டுகிறேன், அந்தத் திருகியை ஒருநாளும் தொட்டதில்லை. இன்றைக்குத் தொட்டது டிலக்ஷிக்காக. நீர்வேலி தாண்டும்போது, பின்சீற்றில் தாயின் மடியில் கிடந்தபடி "அப்பா, குளிருது" என்றாள்.

ஏழு வயது. நாலு நாள் காய்ச்சல். வெளியே தை மாதத்துக் காற்று. குளிரத்தான் செய்யும் என்று நினைத்துத் திருகினேன்.

புழுதி மணத்தோடு சூடு வந்தது. அச்சுவேலி வரைக்கும் நன்றாகவே வந்தது.

வல்லை வெளியில் ஏறியதும் அந்தச் சூடு நின்றுவிட்டது. காலில் பட்ட காற்று சில்லென்று இருந்தது. அதே நேரத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

இந்த இரண்டும் ஒன்றாக நடந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். குருநகரில் என் கராஜுக்கு வருகிறவர்களுக்கு வாய் நோகச் சொல்லியிருக்கிறேன். எஞ்சினுக்குள் ஓடுகிற அதே சுடுதண்ணீர்தான் ஹீற்றருக்குள்ளும் ஓடுகிறது. எஞ்சின் கொதிக்க, ஹீற்றர் குளிர்ந்தால், உள்ளே ஓடத் தண்ணீர் இல்லை.

காரை ஓரத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்; விசிறி ஓடட்டும் என்று திறப்பை முழுதாகத் திருப்பவில்லை.

இரண்டு பக்கமும் வெறும் வெளி. ஒரு வீடில்லை, ஒரு கடையில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உவர்த் தண்ணீர் நின்றது. அதை அள்ளிக் கொதிக்கிற எஞ்சினுக்கு ஊற்றினால் வெடித்துப் போகும்.

நாங்கள் மணற்காட்டு அந்தோனியார் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மனைவி மேர்சியின் நேர்த்திக்கடன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட அன்றைக்கே, வேறு எந்த வாசலும் மிதிக்காமல், முதலில் அவரிடம் வந்து மெழுகுதிரி கொளுத்துவேன் என்று அழுது நேர்ந்திருந்தாள். விடியப்புறம் காய்ச்சல் விட்டுவிட்டது.

காலையில் ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறை இரத்தம் சோதிக்க வரச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சலே இல்லை, பிறகேன் பிள்ளைக்கு ஊசி குத்த வேணும், திரும்பி வரும்போது பார்ப்போம் என்று சொன்னது நான்.

பொனற்றைத் தூக்கினேன். குழாய் ஒன்றும் வெடித்திருக்கவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். றோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.

வெளியே ஒழுகினால் கட்டிவிடலாம்.

ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. வெளியே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

காருக்குள்ளிருந்து மேர்சி கூப்பிட்டாள். அவள் குரலில் சந்தோஷம்.

"இஞ்சேருங்கோ, முள் இறங்கிட்டுது. சூடு குறைஞ்சிட்டுது."

யன்னலால் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். முள் அடியில் கிடந்தது.

அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். அந்த முள் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால், காட்ட ஒன்றுமில்லாமல் அது தானாக இறங்கிவிடும். முள் இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டுகிறவனின் எஞ்சின்தான் இறுகிப்போகும். அப்படிப் பத்து எஞ்சின்களாவது என் கையால் கழற்றியிருக்கிறேன்.

சூடு குறைஞ்சிட்டுது.

விடியப்புறமும் மேர்சி இதையேதான் சொன்னாள். இதே குரலில், பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு.

ஒயில் குச்சி என் கையிலிருந்து விழுந்தது.

முந்தநாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் இளம் பெண் டொக்டர் ஒருவர் என்னிடம் ஏதோ சொன்னார். அப்போது நான் போனில் ஒருவருக்கு கியர்பெட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, தலையாட்டினேன், மேர்சியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

"டெங்கு அண்ணை. காய்ச்சல் விட்டாப் பிறகுதான் கவனம். உள்ளுக்கை நீர் கசியும், வெளியிலை தெரியாது. கை கால் குளிர்ந்தால், சிறுநீர் போகாட்டி உடனை கொண்டு வாங்கோ."

பின்கதவைத் திறந்தேன். நெற்றியைத் தொடவில்லை. போர்வையை விலக்கிப் பாதத்தைப் பிடித்தேன். ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது.

"இவள் விடிய எழும்பி சலம் விட்டவளோ?"

"இல்லை. ஒண்டுக்கும் எழும்பேல்லை. பாவம், நல்ல நித்திரை." மேர்சி சிரித்தாள்.

றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு வாகனமும் வரவில்லை. நெல்லியடிச் சந்திக்குப் போனால் ஆட்டோ பிடிக்கலாம். அங்கிருந்து மந்திகை ஆஸ்பத்திரி கிட்ட. சந்திக்கு நாலு கிலோமீற்றர். தண்ணீரில்லாத எஞ்சின் எவ்வளவு தூரம் ஓடும் என்று என்னிடம் யாராவது கேட்டால், ஸ்ராட்டே பண்ணாதே என்றுதான் சொல்லுவேன்.

ஓடிப்போய் ஏறித் திறப்பைத் திருப்பினேன். இரும்போடு இரும்பு உராய்கிற சத்தத்தோடு எஞ்சின் பிடித்தது.

"முதல்லை அந்தோனியாரிட்டைத்தானே?" என்று மேர்சி பின்னாலிருந்து கேட்டாள்.

நான் கியரைப் போட்டு நெல்லியடிப் பக்கம் காரை விட்டேன். எனக்கு முன்னால் முள் அடியிலேயே கிடந்தது. சூடு இல்லை என்று காட்டிக்கொண்டு.