பார்ட்னருக்கு ஒரு வீடு

"சத்தியமாச் சொல்றேண்ணே, இதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. என் கையால தவிர வேற யார் கையாலயும் அது ஒரு வாய் சாப்பிடாது!"

ரொட்டிக்கடைக்காரர் அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படிப்பட்ட பூனையை என் தலையில கட்டப் பாக்குறியே தம்பி, நீ நல்லா இருப்பியா?"

அவன் வணிக நிர்வாகம் படிக்கக் கடல் கடந்து வந்தவன். அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர்களும் அவனைப் போலவே பிழைக்க வந்த நம்மவர்கள்தான். படிப்பு முடிந்துவிட்டது. இன்னொரு நாட்டில் வேலையும் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. கட்ட முடியாமல் மிச்சம் இருந்தது பூனை ஒன்றுதான். போகிற இடத்தில் கம்பெனி தரும் குடியிருப்பில் பூனைக்கு அனுமதி இல்லை.

அதற்குப் பார்ட்னர் என்று பெயர் வைத்திருந்தான். முதல் பரீட்சையில் அவன் மண்ணைக் கவ்விய அன்று, மழையில் நனைந்து ஜன்னல் வழியாக வந்து, அவன் மடியில் ஏறி, பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பூனை அது. அதைவிட ஆறுதலான வார்த்தையை அந்த ஊரில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு இருவருக்கும் ஒரே தட்டில். பகலில் அவன் கல்லூரிக்குப் போய்விட்டால், அது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

படித்த படிப்பு சும்மா இருக்கவிடுமா? பூனைக்கு வீடு தேட ஓர் அறிக்கையே தயாரித்திருந்தான். அதில் வட்டப்படம் இருந்தது, கட்டப்படம் இருந்தது. பூனையின் படம் மட்டும் இல்லை. அழகைக் காட்டி விற்பது மட்டமான உத்தி என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

ரொட்டிக்கடைக்காரர் அறிக்கையைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, அதன்மேல் இரண்டு ரொட்டியை வைத்து அவனிடமே நீட்டினார்.

"எல்லாம் சரி தம்பி. எங்கிட்ட ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். ஏட்டுன்னு பேரு. மாவு மூட்டைக்கு அவன்தான் காவல். சரியான முரடன். என் மச்சானே அவனைப் பார்த்தா தள்ளித்தான் நிக்கிறான். இன்னொரு பூனை இந்த வாசப்படியை மிதிச்சா இங்க கொலை விழும்."

எதிர்வரிசையில் தையல்கடை அக்கா ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பதறினாள்.

"ஐயோ, மகராணி சம்மதிக்க மாட்டாளே!"

"மகராணி யாருக்கா, உங்க மாமியாரா?"

"மாமியாரா இருந்தா சமாளிச்சிட மாட்டேனா? என் பூனைடா! பட்டுத்துணி மேலதான் படுப்பா. பால் வெதுவெதுன்னு இருக்கணும். ஆம்பளைக் குரல் கேட்டாலே ஓடி ஒளிஞ்சுக்குவா, அவ்ளோ கூச்சம். அவளை என்ன, ரொட்டிக்கடை ஏட்டு மாதிரி ரவுடின்னு நெனச்சியா?"

அன்று மாலை அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"எங்களை விட்டுட்டுக் கெளம்பினப்ப ஏர்போர்ட்ல சிரிச்சு சிரிச்சு செல்ஃபி எடுத்தே. இப்ப ஒரு பூனைக்கு அழறியாக்கும்?"

"உனக்கு அப்பா இருக்காரும்மா. அதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

"ஆமா, உங்கப்பா இருந்து என்னத்தைக் கிழிச்சாரு!" என்றவள், "ஏண்டா, ஒழுங்கா சாப்பிடுதா அது?" என்றாள்.

"எங்கேம்மா சாப்பிடுது? தட்டை மோந்து பாத்துட்டு நகந்து போயிடுது."

"பாத்தியா! நீ போகப்போறேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயில்லா ஜீவன்டா அது. அதை அநாதையா விட்டுட்டு மட்டும் போயிடாதே, பாவம் நம்மளைச் சும்மா விடாது."

மறுநாள் அவன் புதுக் கம்பெனிக்குப் போன் செய்து, ஒரு மாதம் தள்ளி வரலாமா என்று கேட்டுப் பார்த்தான். திங்கட்கிழமை வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், துணிக்கூடையில் தன் பழைய சட்டையை விரித்துப் பார்ட்னரைப் படுக்க வைத்தான். ஊர்க்கோடியில் பிராணிகள் காப்பகம் ஒன்று இருந்தது. "என்னை மன்னிச்சிடுடா. பட்டினி கிடக்காதே. அவங்க போடறதை என் கைன்னு நெனச்சுச் சாப்பிடு" என்று விக்கி விக்கிச் சொன்னான். பார்ட்னர் கொட்டாவி விட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு, கண்ணீரைத் தோளில் துடைத்தபடி தெருவில் இறங்கினான்.

ரொட்டிக்கடை வாசலில் ஒரு தட்டு தடாலென்று விழுந்தது.

"டேய், டேய்! எங்க ஏட்டை எங்கடா தூக்கிட்டுப் போற?"

எதிர்வரிசையில் தையல் இயந்திரம் நின்றது. "ஏட்டா? அடப் பாவிங்களா, அது என் மகராணிடா!"

இருவரும் ஓடிவந்து கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அது கவிழ்ந்தது. வெளியே விழுந்த பார்ட்னர் உடம்பை உதறிக்கொண்டு, மூவரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, வாலைத் தூக்கியபடி தெருமுனை மருந்துக்கடைக்குள் நுழைந்தது. அவன் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பிருந்தே அதற்குக் காலைச் சாப்பாடு அங்கேதான்.