மஸ்கட் விலாசம்

“சார், திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடைலேருந்து பேசறேன். நீங்க ஆன்லைன்ல வாங்குன பொடவைக்குக் குலுக்கல்ல ஊட்டி டூர் விழுந்துச்சு. ஆனா உங்க விலாசம் மஸ்கட். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பரிசு கிடையாது” என்றாள் வினோதினி.

“பொடவை சிதம்பரத்துல இருக்கற பொண்டாட்டிக்குதான் மேடம் வாங்குனேன். நாலு வருஷமா அவளை எங்கயும் கூட்டிப் போனதில்ல.”

“அதுக்கு நீங்க ஊர்ல இருக்கணும் சார்.”



“சரி. இந்த மாசமே வேலைய விட்டுட்டு வந்துடறேன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் தில்லைநாதன் திகைத்தார். “டூருக்காக வேலையையே விடறாரா? யாரும்மா அது?”

“என் வீட்டுக்காரர் சார். நான் இங்க வேலை பாக்கறது அவருக்குத் தெரியாது, குரலை மாத்திப் பேசினேன்.”

“நம்ம ஸ்டாஃப் குடும்பத்துக்கே பரிசு இல்லையேம்மா! அதைச் சொல்லியிருக்கலாமே?”

“அதைச் சொன்னா, அவர் மஸ்கட்லயே இருந்துடுவாரே சார்!”