தலையைத் தூக்கினவள்

“இனிமே உனக்குக் கண்ணு இல்லைன்னு வச்சுக்கோ” என்றார் தேர்வாளர் ஹால்வோர். யோருன், குதிரைக்கு மாட்டுவது போன்ற கண்மறைப்பை நெற்றியிலிருந்து கீழே இழுத்து மாட்டிக்கொண்டாள். கடலும் மலையும் மறைந்துபோய், எதிரே விமானப் பலகையில், கடிகாரம்போல் முள் ஆடும் ஆறு வட்டங்கள் மட்டும் மிஞ்சின.

மேகத்துக்குள் சிக்கினால் முட்களை மட்டும் நம்பி விமானத்தை இறக்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தத் தேர்வு. அவள் உள்ளே பார்க்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற தேர்வாளர் இருவருக்குமாகச் சேர்த்து வெளியே பார்க்க வேண்டும்.

வட நார்வேத் தீவுகளிலிருந்து நோயாளிகளை ஏற்றிப்போகும் விமானத்தில் துணை விமானி வேலை அவளுக்காகக் காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் தேறினால் அவளுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவனுக்கு.

அப்பாவும் அம்மாவும் மீன் ஆலையில் காட் மீன் வெட்டுகிறவர்கள். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். மீன் வெட்டுற கைக்கு இவ்வளவு மெல்லிசான வேலை வருமா என்று, ஓடுதளத்துக்கு உருட்டிப்போகும்போதே ஹால்வோர் கேட்டிருந்தார். அவள் சிரித்து வைத்தாள். தேர்வாளர் சொன்னால் எல்லாமே நகைச்சுவைதான்.

விடுமுறைகளில் அவளும் அதே ஆலையில் நின்றவள். உடை மாற்றும் அறையில், தன் இரும்பு அலமாரிக் கதவுக்குள் ஆறு வட்டங்களை வரைந்து ஒட்டி, காபி வேளையெல்லாம் கண்ணை ஓட்டிப் பழகினாள். நடு வட்டம், உயரம், மறுபடி நடு, திசை, மறுபடி நடு. ஒன்றையே முறைத்துக்கொண்டிருந்தால் மற்றது நழுவிவிடும். கூட வேலை செய்தவர்கள், அலமாரியைக் கும்பிடுகிறாள் என்று கேலி செய்தார்கள்.

கடலுக்கு மேல் போய்த் திரும்பி, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி வரும் இறங்கு பாதையைப் பிடித்தாள். பக்கத்து இருக்கையில் சத்தமே இல்லை. எப்போதாவது ஒரு கனைப்பு, அவ்வளவுதான்.

பாதி வழியில் முட்கள் மங்கின. நண்பகலில் ஏன் இருட்டுகிறது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. பலகை விளக்கைத் திருகிக் கூட்டினாள். விமானம் குலுங்கியது. இடது பக்கம் சாய்கிறாய் என்று உடம்பு அடித்துச் சொன்னது. இல்லை என்றது முள். அவள் முள்ளை நம்பினாள். கொஞ்சம் பொறுத்து வெளிச்சம் திரும்பி வந்தது.

“எடு” என்றார் ஹால்வோர். மறைப்பைத் தூக்கினாள். ஓடுதளம் மூக்குக்கு நேரே கோடு போட்டதுபோல் கிடந்தது. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

விமான நிலையச் சிற்றுண்டிக் கூடத்தில் மலைப் பக்கத்துச் சன்னலோரம் உட்கார்ந்தார்கள். வெளியே நல்ல வெயில். ஹால்வோர் கைக்கணினியில் எதையோ தட்டினார், அனுப்பினார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

“தேறல.”

ஏன் என்று கேட்டாள். முட்கள் ஒரு கோடுகூட விலகவில்லையே என்றாள்.

“அதான் விஷயமே. வெளிய பாக்காம ஓட்டினா முள்ளு அப்படி நடுவுல ஒட்டிக்கிட்டு நிக்காது, பொண்ணே. கலங்கரை விளக்கத்தைத் தாண்டறப்போ நீ தலையைத் தூக்கி அதைப் பாத்த. பாத்துட்டுத்தான் நேராக்கின. என் கண்ணால பாத்தேன்.”

பார்க்கவில்லை என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. விமானி வீட்டில் பிறந்து வளர்ந்த தன் மகனுக்கே முள் அப்படி நின்றதில்லை என்றார் ஹால்வோர். வேண்டுமானால் மேலே புகார் கொடுக்கலாம், அவள் பேச்சுக்கு எதிராகத் தன் பேச்சு, யாரை நம்புவார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“நீ ஏமாத்தினதா எழுதாம, தேறலைன்னு மட்டும் எழுதியிருக்கேன். அதுக்கு நன்றி சொல்லு.”

திங்கட்கிழமை வரை இன்னொரு தேர்வுக்கு வழியே இல்லை.

அப்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணி முடித்து குன்வோர் இறங்கி வந்தார். ஊரில் பாதிப் பேரைப் பிறந்ததிலிருந்து தெரிந்த பெண்மணி. வாஃபிளுக்குள் பழுப்புச் சீஸை வைத்து மடித்துக்கொண்டே வந்தவர், நடந்தது எதுவும் தெரியாமல் யோருனின் முதுகில் ஒன்று போட்டார்.

அவர்கள் திரும்பி வந்த நேரத்தில் கடலிலிருந்து மேகம் திரண்டு வந்து கலங்கரை விளக்கத் தீவை விழுங்கிவிட்டதாம். கோபுரத்தின் கடல் பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாராம். ஹால்வோர் வானொலியில் ஒன்றும் சொல்லாததால், வேண்டுமென்றேதான் உள்ளே விட்டிருக்கிறார் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாராம்.

“கலங்கரை விளக்கம் உச்சி வரைக்கும் காணாமப் போச்சு. அதுக்கு இந்தப் பக்கம் மூணு மைலு ஒரே வெள்ளை. எங்க வந்து தலைகாட்டப் போறீங்களோன்னு பாத்தா, நூல் பிடிச்ச மாதிரி வர்றீங்க. நிஜ மேகத்துலயே தேறிட்டடி நீ.”

ஹால்வோர் கைக்கணினியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். காபியை எடுத்தவர் குடிக்கவில்லை.

யோருன் அவர் பக்கம் திரும்பினாள். இப்போது குரல் உடையவில்லை.

“அப்போ வெளிய யாரு பாத்துக்கிட்டு இருந்தது?”